வாய்ப்பூட்டுக்குள் இருந்த முகம்

பொத்தேரி,
15-06-2025

திருமதி கல்யாணி ஜெபகுமார் அவர்களுக்கு,

நாம் இருவரும் தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் குரல் உயர்ந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். இக்கடிதத்தைக் கொண்டுவரும் என் தம்பி ஜெபகுமாரின் வேனில், பின்னிருக்கையில், என் நாய் யோனா இருக்கிறான்.

அவனை உங்கள் வீட்டுக்கு அனுப்புவது என் விருப்பம் அன்று. வேறு இடம் இல்லை என்பதே உண்மை. உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு அவனோடு வந்த என்னை வாசற்கதவருகே நிறுத்தி, "நாய வெளிய கட்டிட்டு நீங்க மட்டும் உள்ள வாங்க அண்ணி" என்று சொன்னீர்கள். சாப்பிடாமல் திரும்பினேன். அன்றிலிருந்து நாம் பேசவில்லை. அதே வாசலுக்கு அதே நாயை இன்று நானே அனுப்புகிறேன் என்றால், இங்குள்ள நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் கூடி, கொடிய இனத்தைச் சேர்ந்த நாய் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. யோனா எந்த இனம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தாய், கூடுவாஞ்சேரியில் ஒரு வீட்டில் வளர்ந்த லாப்ரடார். தந்தை யார் என்பதை அந்தத் தாய் ஒருத்தியே அறிவாள். பிள்ளை கருப்பாக, அகன்ற மார்போடு, கண்களுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டுகளோடு பிறந்துவிட்டான். கைப்பேசியில் ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, "ராட்வீலர் மேடம், ஆளையே கொன்னுடுமாம்" என்றார் செயலாளர் ரமேஷ்.

அந்தத் தீர்மானம் சட்டப்படி செல்லாது. உரிய இடத்துக்கு மனு அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை, தினமும் படிக்கட்டில் நின்று கத்துகிறவர்கள் நடுவே அவனை வைத்திருக்க என் மனம் ஒப்பவில்லை. அவனைத் திரும்ப அழைத்துக்கொள்வேன். அதுவரை அவனுக்குச் சோறும் நிழலும் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கேட்பது எனக்கு எளிதாக இல்லை.

இப்படிக்கு,
ஹெலன்


மாமல்லபுரம்,
22-06-2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாயும் வந்தது. இரண்டையும் என்னைக் கேட்டு யாரும் அனுப்பவில்லை.

உங்கள் தம்பி அதை வீட்டின் பின்பக்கம் கட்டிவிட்டு, "ஒண்ணும் பண்ணாது புள்ள, சும்மா பாத்துகினு கெடக்கும்" என்று சொல்லிவிட்டு, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விட்டார். அது பார்த்துக்கொண்டு இருப்பதுதான் எனக்குப் பயம். நான் பின்கதவைத் திறப்பதே இல்லை. சோற்றுத்தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிடுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து வாய்ப்பூட்டைக் கழற்றி, அது தின்ற பிறகு மறுபடி மாட்டிவிட்டுப் போகிறான். வாய்ப்பூட்டு இல்லாமல் அது இருக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பீர்கள். நினையுங்கள். எனக்கு ஏழு வயதில் என் சித்தப்பாவை வெறிநாய் கடித்தது. ஊசி போடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்டு அவர் அலறியதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் நான். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். உங்கள் தம்பிக்கும் சொன்னதில்லை. அன்றைக்குக் கேட்டில் நின்ற உங்களை நான் பார்க்கவில்லை அண்ணி. அந்தக் கம்பி வாய்ப்பூட்டுக்குள் இருந்த வாயைத்தான் பார்த்தேன்.

சீக்கிரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

கல்யாணி


பொத்தேரி,
26-06-2025

அன்புள்ள கல்யாணி அவர்களுக்கு,

உங்கள் சித்தப்பாவைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அன்று உங்கள் வாசலில் நின்று உரிமை பேசியிருக்கமாட்டேன். யோனாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போடப்பட்டிருக்கிறது. இதைச் சொன்னவுடன் பயம் போய்விடும் என்று நான் எண்ணவில்லை. ஆனாலும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

அந்த வாய்ப்பூட்டும் எங்கள் வளாகத்தின் கொடைதான். முதலில் மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்றார்கள். ஐந்தாவது மாடியிலிருந்து படியில் இறங்கினோம். பிறகு, குழந்தைகள் எழுவதற்கு முன்பே நடத்திக்கொண்டு போய்வந்துவிட வேண்டும் என்றார்கள், போய்வந்தோம். பிறகு, வீட்டுக் கதவைத் தாண்டினால் வாய்ப்பூட்டு என்றார்கள். எனவே அங்குள்ள எவரும் அவன் முகத்தை முழுமையாகப் பார்த்ததே இல்லை. மூன்றாவது மாடியில் வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன் இருக்கிறது. கூரியர் கொண்டுவருகிறவர்களின் கெண்டைக்காலை அது விட்டுவைத்ததில்லை. "அது கொழந்த மாதிரிங்க, வெளையாடுது" என்பார்கள். அதற்கு வாய்ப்பூட்டு இல்லை.

தெருவில் இறங்கினாலோ, "இன்னா ஜாதி நாயி?" என்பதே முதற்கேள்வி. என்னிடம் நேரடியாகக் கேட்கத் தயங்குவதை நாயை முன்னிட்டுக் கேட்கிறார்களோ என்று சில நாள் எனக்குத் தோன்றியதுண்டு. நம் வீட்டார் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இன்று நான் செங்கல்பட்டில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு ஊராருக்கு மனு எழுதுகிறேன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது, தமிழ் முடியவில்லை. எதிரில் இருப்பவரை ஒரே சொல்லில் அடைத்துப் பூட்டிவிடுகிற பழக்கத்தை நான் நன்கு அறிவேன். அந்தச் சொல் என் நாயின்மேல் விழும்போது என்னால் வாளாவிருக்க முடியவில்லை.

தட்டை எதனால் தள்ளினாலும் சரி, அவனைப் பட்டினி போடவில்லை. அதற்கு என் நன்றி.

ஹெலன்


மாமல்லபுரம்,
11-07-2025

அண்ணிக்கு,

ஒன்று நடந்திருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் சிற்பப் பட்டறை எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. வீட்டில் தனியாகக் கட்டிப்போட்டால் உங்கள் நாய் ஊளையிடுகிறது என்று தெருவில் சண்டைக்கு வந்தார்கள். உங்கள் தம்பி பட்டறைக்காரர் முனிசாமி அண்ணனிடம் கேட்டு, பகலில் அதை அங்கே வேப்பமரத்தடியில் கட்ட ஏற்பாடு செய்துவிட்டார். நான் சிலைகளைத் தேய்த்து மெருகேற்றுகிற இடம் மறுகோடி. சரி, கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாளே முனிசாமி அண்ணன், "வாயக் கட்டி வெச்சா அது இன்னாத்துல மூச்சு வுடும்?" என்று வாய்ப்பூட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். நான் கத்தினேன். "நீ கத்துறதுக்கே அது காத மடக்கிக்குது பாரு" என்றார். கல் அறுக்கும் மெஷின் சத்தத்துக்குக்கூட அசையாமல் படுத்திருந்தது.

போன வாரம் ஒரு கார் வந்தது. இறங்கியவர் உங்கள் செயலாளர் ரமேஷ். நாயை ஏற்ற உங்கள் வளாகத்துக்கு வந்தபோது, "நீ மாமல்லபுரமா, நல்ல பட்டறை இருந்தா சொல்லேன்" என்று உங்கள் தம்பியிடம் கேட்டாராம். இவரும் எங்கள் பட்டறையைச் சொல்லி வைத்திருக்கிறார். உங்கள் வளாகத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் காவலுக்குப் பைரவர் வைக்கப் போகிறார்களாம். வளாகத்தில் பைக் திருடு போகிறதாம். பைரவரும், அவருக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி நாய் வாகனமும் வேண்டும் என்றார். முனிசாமி அண்ணன் பழைய படங்களைக் காட்டினார். ஒட்டிய வயிறு, நீண்ட கழுத்து. ரமேஷுக்குப் பிடிக்கவில்லை. அப்போது மரத்தடியில் உங்கள் நாய் எழுந்து உட்கார்ந்தது.

ரமேஷ் அப்படியே நின்றுவிட்டார்.

"இது மேரி செய்ங்க" என்றார். "இன்னா ஒரு முகம் பாருங்க. எல்லாம் தெரிஞ்ச மேரி பாக்குது. இது யார் வூட்டு நாயி?"

"தெரிஞ்சவங்களுது" என்றார் முனிசாமி அண்ணன்.

"எங்க வளாகத்துலயும் ஒரு கருப்பு நாயி இருந்துச்சு. பேய் மேரி. வாயப் பூட்டி வெச்சிகினு இருந்தாங்க. போராடித் தொரத்தினோம். நாயின்னா இப்படி இருக்கணும் சார்."

நான் கையில் இருந்த தேய்ப்புக் கல்லைக் கீழே வைத்துவிட்டேன் அண்ணி. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் பட்டறைக்கு வருகிற பெரிய வேலை இது. வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் அச்சாரம் கொடுத்துவிட்டுப் போன பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக அதன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். தூரத்திலிருந்துதான்.

கல்யாணி


பொத்தேரி,
14-07-2025

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இனி உன்னை "நீங்கள்" என்று எழுதுவது எனக்கே செயற்கையாகத் தோன்றுகிறது.

பேய் என்று துரத்திய முகத்தையே தெய்வத்தின் முன் உட்கார வைக்க அச்சாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். இதைவிடச் சிறந்த சாட்சியம் எந்த வழக்கிலும் கிடைக்காது. முனிசாமி அவர்கள் தாராளமாகச் செதுக்கட்டும். என் சம்மதத்தைத் தெரிவித்துவிடு. பைரவரைப் பிரதிஷ்டை செய்யும் நாளில் வளாகம் முழுவதும் கூடியிருக்கும். அப்போது, மேற்படி கல் எவருடைய உருவம் என்பதை உரக்கச் சொல்வேன். அதன் பிறகு அந்தத் தீர்மானத்தை எந்த முகத்தோடு வைத்திருப்பார்கள் என்று பார்ப்போம்.

யோனா திரும்பி வருவான். இதுவரை நான் எழுதிய மனுக்கள் எல்லாம் சேர்ந்து செய்யாததை ஒரு கல் செய்யப்போகிறது.

ஹெலன்


மாமல்லபுரம்,
30-09-2025

அண்ணி,

இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். கை முழுக்கப் புண். கல் வேலை முடிந்துவிட்டது.

உளியில் இருந்து வரும்போது கல் சாம்பல் நிறமாக இருக்கும். தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்கத்தான் கருப்பு எழும்பும். பெரிய இடமெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும். காதுக்குள், கன்னத்துக்குக் கீழே, விரல்களுக்கு நடுவில் எல்லாம் என் கைதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து கருப்பு நாய் வெளியே வந்தது. முதுகு வந்தது. மார்பு வந்தது. தாடையில் வந்து நின்றுவிட்டேன். காதுக்குக் கீழே ஒரு மேடு இருந்தது. அது எலும்பா, உளி விட்டுப்போன மிச்சமா தெரியவில்லை. தேய்த்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது.

முனிசாமி அண்ணனைக் கேட்டேன். "அதோ படுத்துகினு கீதே, போய்த் தொட்டுப் பாரு" என்றார்.

"நானா? நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்கண்ணா."

"நான் தொட்டா ஒன் கைக்கு எப்படிம்மா தெரியும்?"

நாள் முழுக்க வேறு வேலை பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். மூன்றாம் நாள் வேலை நின்றுபோயிற்று, போனேன். அண்ணி, நான் நடந்தேன் என்று சொல்ல முடியாது. கால் மட்டும் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். கையை நீட்டிக் காதுக்குக் கீழே வைத்தேன்.

எலும்புதான்.

ஆனால் எலும்பு மட்டும் இல்லை. அதற்கு மேல் சதை, அதற்கு மேல் தோல், எல்லாம் சூடாக, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டு. கல்லில் எத்தனையோ யானை, சிங்கம், யாளி எல்லாம் தேய்த்திருக்கிறேன். அவை எல்லாவற்றுக்கும் உள்ளே இப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும், செதுக்கியவர்கள் எங்கேயோ இதைத் தொட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. இத்தனை வருஷமாக நான் கல்லைத்தான் தேய்த்திருக்கிறேன். அவன் மூச்சு என் மணிக்கட்டில் பட்டுக்கொண்டே இருந்தது. அந்த வாய்தான். என் சித்தப்பாவைக் கடித்தது வேறு வாய். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்தது இவ்வளவு நாளாகக் கைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு கல்லைத் தொடுவதும் அவனைத் தொடுவதுமாகவே வேலை நடந்தது. ஒரு கை ஈரம், ஒரு கை சூடு. கண்ணுக்கு மேலே இருக்கிற இரண்டு பொட்டையும், மூக்கோரத்தையும், பாதங்களையும் நான் தேய்க்காமல் விட்டுவிட்டேன். அங்கே மட்டும் கல் சாம்பலாகவே இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் நாலு கண். முனிசாமி அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத நான் சொல்லவே இல்லியே" என்றார்.

இன்று காலையில் நாய் வாகனத்துக்குக் கண் திறந்தோம். அண்ணன் குளித்து, விரதம் இருந்து, தங்க ஊசியால் கோடு போட்டுவிட்டு உளியை வைத்தார். கண் திறந்ததும் சாமியின் முதல் பார்வை நல்லதின்மேல் விழ வேண்டும் என்று கன்றோடு பசுவைக் கொண்டுவந்து எதிரே நிறுத்துவது வழக்கம். பசு வந்தது. நாயைக் கண்டு மிரண்டு கன்றை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. எல்லோரும் அதன் பின்னால் ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால், கல்லுக்கு எதிரே, பசு நின்ற இடத்தில், யோனா போய் உட்கார்ந்திருந்தான். கல் அவனைப் பார்த்தது. அவன் கல்லைப் பார்த்தான்.

யாரோ அவனை விரட்டப் போனார்கள். "இருக்கட்டும்" என்றார் முனிசாமி அண்ணன்.

அண்ணி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லப்போவதாக எழுதியிருந்தீர்கள். சொன்னால் அவர்கள் கல்லைப் பெயர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். துரத்திய நாயின் உருவம், அதுவும் வேதக்காரர் வீட்டு நாய் என்று ஒரு பேச்சு கிளம்பினால் யாரும் அந்தப் பட்டறைக்கு வரமாட்டார்கள். உங்களுக்கு உங்கள் நாய் வேண்டும். எனக்கு அது புரிகிறது. இப்போது ரொம்பவே புரிகிறது. வேறு வழி பாருங்கள்.

கல்யாணி


பொத்தேரி,
04-11-2025

அன்புள்ள கல்யாணி,

நேற்று பிரதிஷ்டை நடந்தது. நீ கேட்டுக்கொண்டதை மதிக்க வேண்டும் என்று ஒரு மனமும், இதைவிட்டால் வாய்ப்பில்லை என்று ஒரு மனமுமாகத்தான் கீழே இறங்கினேன். சொல்லவேண்டியதை நாலு வாக்கியங்களாகக் கட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். கல்யாணி, எனக்குத் தமிழில் தெரியாத சொல் அதிகமில்லை என்று எண்ணியிருந்தவள் நான். நேற்று எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அவன் உட்கார்ந்திருந்தான். காலையில் நான் தேநீர் போடும்போது சமையலறை வாசலில் எப்படி உட்காருவானோ, அப்படியே. இடக்காது சற்றே மடங்கி, தலை ஒரு மயிரிழை சாய்ந்து. நீ தேய்க்காமல் விட்ட அந்த இரண்டு பொட்டுகளில் மழைத்தூறல் தங்கி மின்னியது. பைரவருக்கு அபிஷேகம் நடக்கையில் எல்லோரும் மூலவரைப் பார்த்தார்கள். என்னால் இவனைவிட்டுக் கண்ணை எடுக்க இயலவில்லை. ஐந்து மாதமாக என் வீட்டில் இல்லாத ஒருவன், எவரும் விரட்ட முடியாத ஓரிடத்தில், எவருக்கும் அஞ்சாமல் இருக்கிறான். நான் முழங்காலிட்டுப் பழகியவள். அங்கே எதற்காக என் கால்கள் மடங்கப் பார்த்தன என்று எனக்கு விளங்கவில்லை. கட்டி வைத்திருந்த வாக்கியங்கள் எங்கே போயின என்றும் தெரியவில்லை.

பிறகு கூட்டம் கலைந்தது. நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்வதுபோல, ஒவ்வொருவராக வந்து இவன் காதில் குனிந்து முணுமுணுத்தார்கள். ரமேஷின் மனைவி ஜோதிலட்சுமி, யோனா இருந்த மின்தூக்கியில் ஏறமாட்டேன் என்று பலமுறை திரும்பிப் போனவர், இவன் கழுத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னார். எழுந்தபோது கண்களைத் துடைத்துக்கொண்டார். என்ன துயரமோ. அத்தனை பேருக்கும் செவி கொடுக்கிற பொறுமை அந்த முகத்தில் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டேன். உன் கையிலிருந்தா, அவனிடமிருந்தா?

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் என் வீடு வெறுமையாக இருக்கிறது, கல்யாணி. அனுப்பிய மனுவுக்குப் பதிலும் இல்லை.

ஹெலன்


மாமல்லபுரம்,
07-11-2025

அண்ணி,

உங்கள் கடிதத்தை முனிசாமி அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கண் கலங்கியதைக் காட்டிக்கொள்ளாமல், "ஒங்க அண்ணி எழுதுனா கல்லுக்கே காது வந்துடும் போல கீது" என்றார்.

யோனா நன்றாக இருக்கிறான். மழை என்பதால் இப்போது வீட்டுக்குள்தான் படுக்கிறான். நான்தான் உள்ளே விட்டேன். உங்கள் தம்பி நம்பவில்லை. "இன்னா புள்ள, நான் வூடு மாறி வந்துட்டனா?" என்கிறார்.

கல்யாணி


பொத்தேரி,
14-11-2025

அன்புள்ள கல்யாணி,

நீ நம்பமாட்டாய். யோனாவைத் திரும்ப அழைத்துவருமாறு சங்கமே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நேற்று முன்தினம் பைரவருக்கு உகந்த தேய்பிறை அஷ்டமி. பூசை முடிந்ததும் ஒரு நாய்க்கு, அதிலும் கருப்பு நாய்க்குச் சோறிட வேண்டுமாம். தட்டில் தயிர்ச்சோற்றோடு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். நாய் இல்லை! தெரு நாய்களையும் காவலாளியைக் கொண்டு விரட்டி ஒழித்திருக்கிறார்கள் அல்லவா? கடைசியில் மூன்றாவது மாடிப் பொமரேனியனைத் தூக்கி வந்தார்கள். அது சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் தட்டைப் பிடித்த கையைக் கடித்தது. ஜோதிலட்சுமியின் கை.

கட்டுப் போட்ட கையோடு அவர் என் கதவைத் தட்டினார்.

"ஒங்க கருப்பு எப்ப வரும் ஹெலன் மேடம்?"

"அதைத்தான் நீங்கள் அனுப்பிவிட்டீர்களே."

"அது அப்போ. இப்போ நம்ம வளாகத்துல பைரவர் கீறாரு. கருப்பு நாயி வேற, நெத்தியில ரெண்டு பொட்டு வேற. அது சும்மா நாயி இல்லியாம், எங்க ஜோசியர் சொன்னாரு. அஷ்டமிக்கு அஷ்டமி மாலை போட்டு, சோறு வெச்சி..."

பேய் என்று விரட்டியவர்கள் இன்று தெய்வம் என்று அழைக்கிறார்கள். முன்னதாவது எனக்குக் கோபத்தை மட்டும் தந்தது. இது எனக்கு அச்சத்தையும் தருகிறது. அவன் ஒருநாள் அந்த வாசலில் சிறுநீர் கழித்தால், அல்லது மாலையைக் கடித்துத் துப்பினால், மறுநாளே மீண்டும் பேயாகிவிடுவான். ஆயினும் இது கதவு திறக்கிற வேளை. ஆசை என் கண்ணை மறைக்கிறதோ என்று ஐயமாக இருக்கிறது. நீ சொல். அவனோடு நாள் முழுதும் இருப்பவள் இப்போது நீ.

ஹெலன்


மாமல்லபுரம்,
19-11-2025

அண்ணி,

என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. நான் நியாயமாகப் பதில் சொல்லமாட்டேன்.

அவன் போய்விட்டால் பட்டறையில் என் இடது கை எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. வேலை செய்யாத நேரமெல்லாம் அது அவன்மேல்தான் இருக்கிறது. "இங்கேயே இருக்கட்டும்" என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தை வாசித்தபோது "யோனா" என்று உங்களைப் போலவே அழுத்திச் சொல்லிப் பார்த்தேன். அவன் எழுந்து வாசல் கேட் வரைக்கும் போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மழையில் நனைந்துகொண்டு நின்றான். நான் கூப்பிட்டும் வரவில்லை.

கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் மாலைக்காக அனுப்பமாட்டேன். அவர்களுக்குச் சாமி வேண்டுமென்றால் நான் தேய்த்துக் கொடுத்தது அங்கே இருக்கிறது. அதற்கு மாலை போடட்டும். இவனுக்கு முடி கொட்டும், மழையில் நாற்றம் அடிக்கும், மின்தூக்கியில் வருவான், பகலில் நடப்பான், வாய்ப்பூட்டு போடமாட்டான். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் அனுப்புகிறேன். உங்கள் பாஷையில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய்ப்பூட்டு ஆணியிலேயே தொங்குகிறது. அதை நான் தரமாட்டேன்.

கல்யாணி


பொத்தேரி,
13-12-2025

என் அன்புக் கல்யாணி,

உன் நிபந்தனைகளை ஒரு சொல்லும் மாற்றாமல், ஆனால் என் நடையில், சங்கத்தின் முன் வைத்தேன். முணுமுணுத்தார்கள். "மாலையாச்சும் போடலாமா?" என்று ஒருவர் கேட்டார். "கூடாது" என்றேன். பழைய தீர்மானத்தை நீக்கி எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகே ஜெபகுமாரை வரச்சொன்னேன். அன்று வேன் புறப்படும்போது நீ வாசலுக்கு வரவில்லை என்று அவன் சொன்னான். எனக்குப் புரிந்தது.

நேற்று அஷ்டமி. பூசை முடிந்ததும் யோனாவை வாய்ப்பூட்டின்றி, மின்தூக்கியில், எல்லோரும் பார்க்க இறக்கிக்கொண்டு வந்தேன். கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. பயபக்தி என்று எழுதினால் பாதிதான் சரி. பயம் அப்படியே இருந்தது. பெண்கள், "பைரவா, பைரவா" என்று அழைத்தார்கள். அவன் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

செயலாளர் என்ற முறையில் தட்டை நீட்டும் பொறுப்பு ரமேஷுக்கு. அவர் முன்னே வந்தார். குனிந்தபோதுதான் முகத்தை அருகில் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படியே கல்லின் பக்கம் திரும்பினார்.

"மேடம், இது... பட்டறையில பாத்த நாயி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஆம்."

"அங்க எப்படி?"

"நீங்கள் அனுப்பியதால்."

"அப்போ நான் தொரத்துனது..."

எத்தனையோ மாதமாக இந்தக் கணத்துக்காக நான் சொற்களைத் தீட்டி வைத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அவை எல்லாம் நாவில் வந்து நின்றன. அந்த மனிதரின் கண்களைப் பார்த்தேன். முதல் நாள் உன் கை அந்தத் தாடையைத் தொட்டபோது உன் கண்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அவனுக்குத் தட்டு எட்டும்படி கயிற்றைத் தளர்த்தினேன்.

யோனா தயிர்ச்சோற்றை நிதானமாக உண்டு முடித்தான். தட்டை நக்கினான். பிறகு என்ன நினைத்தானோ, மெல்லத் திரும்பி, ரமேஷின் காலோடு தன் விலாவை ஒட்டிவைத்து, உடல் பாரம் முழுவதையும் அவர்மேல் சாய்த்துக்கொண்டு நின்றான். அவர் ஒரு தப்படி தடுமாறி, சமாளித்து நின்றார்.

"இன்னா பண்ணுது மேடம்?"

"சாய்ந்துகொள்கிறான்."

"எதுக்கு?"

"எனக்குத் தெரியாது, ஐயா."

"நான் நவுந்தா வுழுந்துடுமா?"

"விழமாட்டான். நகர்ந்துகொள்வான்."

அவர் நகரவில்லை. கூட்டம் காத்திருந்தது. ஜோதிலட்சுமி தூரத்திலிருந்து, "இன்னாங்க, தீபாராதனைக்கு நேரமாவுது" என்று கூப்பிட்டார். ரமேஷ் காலியான தட்டைக் குனியாமலேயே பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டார். விடுபட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் காற்றில் வைத்திருந்தார். விரல்கள் விரிந்திருந்தன.

பிறகு அந்தக் கை மெதுவாக இறங்கியது.

உன்,
ஹெலன்